நாளைக்கு எழுதிக்கலாம்!

ஆடிப்பெருக்கு அன்று ஊர் உலகமெல்லாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சிவகாசியில் மட்டும் அன்றைக்கு அடுத்த வருடம் பிறந்துவிடும். நிஜமாகத்தான்! ஆடி 18 அன்றுதான் அங்குள்ள அச்சகங்களில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் வாங்கி, அச்சடித்து, ஜனவரி 1-க்கு முன்னால் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஜனவரி 2-ம் தேதி போய்ச் சேரும் காலண்டருக்கு மதிப்பு குறைவு. மார்ச்சில் போனால் எடைக்குத்தான் போடவேண்டும்.

காலண்டர் மட்டுமல்ல. டைரி, நோட்டுப்புத்தகம் எல்லாம் அங்கே தயாராகின்றன. தேதியையும், அந்தத் தேதியில் எழுதுவதற்கான தாளையும் ஒரே ஊர் செய்து அனுப்புகிறது.

அந்த டைரி போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். எழுத்தாளர் ஆகவேண்டும் என்று ஆசைப்படும் ஒரு கல்லூரி மாணவர் அதை வாங்குகிறார். ஜனவரி 1 அன்று அழகான கையெழுத்தில், 'இந்த வருடம் கட்டாயம் ஒரு சிறுகதைத் தொகுப்பு' என்று எழுதுகிறார். 2, 3, 4 தேதிகளிலும் ஏதோ இருக்கிறது. பத்தாம் தேதிக்குப் பிறகு வெள்ளைத்தாள். டிசம்பரில் அந்த டைரி பால் கணக்கு எழுதப் பயன்படுகிறது. மறுபடியும் ஒரு ஜனவரி, மறுபடியும் ஒரு டைரி.

இதைத்தான் தள்ளிப்போடுதல் என்கிறோம். எல்லோருக்கும் உள்ள வியாதிதான். கரண்ட் பில், ரெக்கார்ட் நோட்டு, அசைன்மெண்ட் எல்லாவற்றையும் மனிதர்கள் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். அசைன்மெண்ட் கொடுக்காவிட்டால் இன்டர்னல் மார்க் போகும். கதை எழுதாவிட்டால்? ஒன்றுமே நடக்காது! யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அதனால்தான் எழுத நினைப்பவர்களிடம் இந்த வியாதி முற்றிப்போய்க் கிடக்கிறது.

சோம்பலா, பயமா?

வீட்டில் பெரியவர்கள் இதற்கு ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: சோம்பேறித்தனம். திருவள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் இதைப் பேசியிருக்கிறார். 605-வது குறளில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு படகுகளைச் சொல்கிறார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர் காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. இரண்டையும் தனித்தனியாகவே எண்ணுகிறார்.

அது மிகச் சரியான கணக்கு. எழுதுவதைத் தள்ளிப்போடுகிறவர் சும்மா படுத்துக் கிடப்பதில்லை. மேசையைத் துடைப்பார். பழைய புத்தகங்களை அடுக்குவார். பேனாவுக்கு மை வாங்கப் போவார். எப்படி எழுதுவது என்று சொல்லும் வீடியோக்கள் பத்து பார்ப்பார். நண்பனின் அசைன்மெண்ட்டைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவார்! எழுதவேண்டியதைத் தவிர மற்ற எல்லா வேலையும் நடக்கும். சோம்பேறி இவ்வளவு வேலை செய்வாரா?

உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஃபுஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தள்ளிப்போடுதல் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதைவிட மனநிலையைச் சமாளிப்பதற்காகவே அதிகம் வருகிறது என்று வாதிட்டார்கள். ஒரு வேலையை நினைத்தாலே மனதில் கசப்பு வருகிறது. அந்த வேலையை ஒதுக்கி வைத்தவுடன் கசப்பு போய்விடுகிறது. மனதுக்கு அந்த நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிக்கான பில்லை நாளைய மனிதன் கட்டுகிறான். காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், இது வட்டிக்கு வாங்கிய நிம்மதி.

எழுத நினைப்பவருக்கு அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது? ஒப்பிடுவதிலிருந்து வருகிறது. விருதுநகர் பக்கத்து மாணவர் ஒருவர் கதை எழுத உட்கார்ந்தால் அவர் முன்னால் யார் யாரெல்லாம் நிற்கிறார்கள் பாருங்கள். பக்கத்தில் இடைசெவலிலிருந்து கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பூமணி. மாவட்டத்துக்குள்ளேயே மல்லாங்கிணறிலிருந்து எஸ்.ராமகிருஷ்ணன், மேலாண்மறைநாட்டிலிருந்து மேலாண்மை பொன்னுச்சாமி. இந்த ஐந்து பேருமே சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள். கரிசல் மண்ணில் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடுத்தபடி நன்றாக விளைவது கதைதான் போலிருக்கிறது! இவர்களின் அச்சான பக்கத்தைத் தன்னுடைய முதல் பக்கத்தோடு வைத்துப் பார்க்கிறார் அந்த மாணவர். கை நின்றுவிடுகிறது. 'இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்' என்று நோட்டை மூடிவிடுகிறார்.

தப்பு அங்கேதான். அடுத்தவரின் பேரேட்டைத் தன்னுடைய சிட்டையோடு ஒப்பிடுகிறார்.

சிட்டையும் பேரேடும்

விருதுநகர் வியாபார ஊர். மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் என்று அந்த ஊர் மார்க்கெட் விலையைப் பத்திரிகைகளில் தனியாகப் போடுவார்கள். அந்தக் காலத்துக் கடைகளில் கணக்கு எழுதும் முறை எப்படி? முதலில் சிட்டை. வரவு வந்ததும் செலவு நடந்ததும் அப்போதைக்கப்போது அதில் விழும். அடித்தல் இருக்கும், திருத்தல் இருக்கும், ஓரத்தில் எண்ணெய்க்கறை இருக்கும். பிறகுதான் அது பேரேட்டில் ஆள்வாரியாக, இனவாரியாக ஏறும். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் பாடப்புத்தகத்தில் குறிப்பேடு முதலில், பேரேடு பிறகு என்ற வரிசை மாறவில்லை.

சிட்டை அழுக்காக இருக்கிறதே என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் வெட்கப்பட்டதில்லை. சிட்டையே எழுதாமல் நேராகப் பேரேடு எழுதுகிறேன் என்று சொன்னால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்.

எழுத ஆசைப்படுபவர்கள் செய்வது இதைத்தான். முதல் வரியே பேரேட்டு வரியாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். முதல் வரைவு என்பது சிட்டை. அது மோசமாக இருப்பது குற்றமில்லை, அதன் இயல்பே அதுதான். அதை ஏற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு மளிகைக்கடை

அடுத்த சமாதானம், 'நேரம் இல்லை'. 'படிப்பு முடியட்டும்', 'வேலை கிடைக்கட்டும்', 'செட்டில் ஆகட்டும்'.

மேலாண்மை பொன்னுச்சாமி 1951-ல் பிறந்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கிராமத்தில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். கிராமத்துக் கடை என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் காபித்தூளுக்கு ஆள் வரும், ராத்திரி மண்ணெண்ணெய்க்கு ஆள் வரும், நடுவில் கடன் சொல்ல ஆள் வரும். தனியறை, மேசை, ஏ.சி. எதுவும் கிடையாது. அந்த வாழ்க்கையை வைத்துக்கொண்டே செம்மலரில் எழுதத் தொடங்கி, இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். 2007-ல் 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2017-ல் இறந்தார்.

அவர் செட்டில் ஆகிவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலாண்மறைநாட்டில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே நேரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பகலில் கல்லூரி, ராத்திரி அச்சகத்தில் ஷிப்ட் என்று ஓடுகிற மாணவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, பதினோரு மணிக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்கிற மாணவிகள் உண்டு. அவர்களின் களைப்புக்குத் தள்ளிப்போடுதல் என்று பெயர் வைப்பது அநியாயம். மனச்சோர்வில் எதிலுமே பிடிப்பில்லாமல் இருப்பவருக்குத் தேவை டாக்டர், அறிவுரை அல்ல. இந்தக் கட்டுரையின் சண்டை அவர்களோடு இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்க்க நேரம் கிடைத்தும், இருபது நிமிடம் எழுத நேரம் கிடைக்காதவர்களோடுதான்!

தாமதம் வேறு, தயாரிப்பு வேறு

'பூமணி எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார் தெரியுமா?' என்று சிலர் சட்டென்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1990-களின் நாவல்களுக்குப் பிறகு அவருடைய பெரிய நாவலான 'அஞ்ஞாடி' 2012-ல்தான் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895-ல் நடந்த கழுகுமலைக் கலவரமும் 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. 2014-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நூறு வருடத்துக்கு முந்தைய விஷயத்தை எழுத ஆவணம் தேடவேண்டும், வாய்மொழிக் கதைகளைக் கேட்கவேண்டும், ஊர் ஊராக அலையவேண்டும். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக வேலை பார்த்தவர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தாமதம் அல்ல, தயாரிப்பு.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒரு வாரம் முடிந்ததும் கையில் ஏதாவது கூடியிருக்கிறதா? ஒரு பக்கக் குறிப்பு, ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதிய நாலு வரி, படித்த புத்தகத்திலிருந்து எடுத்த தகவல்... ஏதாவது கூடியிருந்தால் அது தயாரிப்பு. ஆசை மட்டும் அப்படியே இருந்து, தாள் வெள்ளையாகவே இருந்தால் அது தள்ளிப்போடுதல். இருப்பு ஏறுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

வயது தாண்டிவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1923-ல் பிறந்த கி.ரா.வின் முதல் கதை 'சரஸ்வதி'யில் வந்தது 1958-ல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து. சி.சு.செல்லப்பா தன்னுடைய மூன்று பாகப் பெரிய நாவலான 'சுதந்திர தாகம்' நூலை 1997-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 85! அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அந்த ஒரு ஆண்டை நினைத்தால் இரண்டு எண்ணங்கள் வருகின்றன. எந்த வயதிலும் முடியும் என்பது ஒன்று. இன்னும் ஒரு வருடம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னொன்று.

கெடு என்கிற மருந்து

சிவகாசிக்குத் திரும்பி வருவோம். பட்டாசுத் தொழிலுக்குத் தீபாவளி என்று ஒரு தேதி இருக்கிறது. அதை யாராலும் தள்ளிவைக்க முடியாது. மனநிலை சரியில்லை, தீபாவளியைக் கார்த்திகைக்கு மாற்றலாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தீபாவளி முடிந்த மறுநாள் சரம் வாங்க ஆள் இல்லை. அதனால் அங்கே தேதி முதலில், வேலை பின்னால்.

எழுத்தாளர்களின் கதையும் அதையே சொல்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1959-ல் 'சரஸ்வதி' இதழில் தொடராக வர ஆரம்பித்தது. இதழ் நின்றதும் தொடரும் நின்றது. நாவல் முழுமையாகி நூலாக வந்தது 1966-ல். மாதாமாதம் கேட்க ஓர் இதழ் இருந்தபோது அத்தியாயங்கள் வந்தன. கேட்பார் இல்லாமல் போனபோது வருடங்கள் ஓடிவிட்டன. சு.ரா. போன்ற ஒருவருக்கே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ருஷ்யாவில் தஸ்தயேவ்ஸ்கி கதை இன்னும் கொடூரமானது. கடன் நெருக்கடியில் ஒரு பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் தரவேண்டும். தராவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம்! அக்டோபர் வரைக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதவைத்து 26 நாளில் 'சூதாடி' நாவலை முடித்தார். அவரே பின்னால் மனைவியும் ஆனார் என்பது தனிக்கதை. தினமும் பேனாவோடு வந்து உட்கார்ந்து 'அடுத்து?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் கெடு ஒன்றே ஒன்று தூரத்தில் இருந்தால் போதாது. டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மூன்று கட்டுரைகளில் பிழை திருத்தும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒன்று என்று கெடு. இன்னொரு குழு தானே கெடு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது குழு மூன்றையும் கடைசி நாளில் கொடுத்தால் போதும். வாராவாரம் கொடுத்தவர்கள்தான் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். கடைசி நாள் குழு கடைசியில் வந்தது. தானே கெடு வைத்தவர்கள் நடுவில் நின்றார்கள். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி ஐந்து யூனிட்டையும் படிப்பவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியம் தராது!

கந்தக பூமி சொல்லித்தரும் ஐந்து வழிகள்

1. துண்டுக்கணக்கு. தீப்பெட்டி ஒட்டுபவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி கிடையாது, குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. 'இன்றைக்கு இரண்டு மணி நேரம் எழுதுவேன்' என்று உட்கார்ந்தால் இரண்டு மணி நேரமும் ஜன்னலைப் பார்த்துக் கழிக்கலாம். 'இன்றைக்கு 200 சொல்' என்று உட்கார்ந்தால் ஏமாற்ற முடியாது. கணக்கைப் பாருங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 200 சொல், வருடத்தில் ஐம்பது வாரம். மொத்தம் 50,000 சொற்கள். அது ஒரு நாவல்! இரண்டாயிரம் சொல் சிறுகதை என்றால் பத்து நாளில் சிட்டை தயார்.

2. கேட்க ஓர் ஆள். கதையை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்று ஒரு நண்பரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நண்பர் இலக்கிய விமர்சகராக இருக்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'எங்கே?' என்று கேட்கிறவராக இருந்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்து மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

3. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காதே. பட்டாசு ஆலைகளில் கலந்த மருந்தை அன்றன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. மிச்சம் வைத்த மருந்தால் நடந்த விபத்துகள் உண்டு, அதில் போன உயிர்களும் உண்டு. அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எழுதுபவருக்கு ஒரு கதைதான் போகும். ஆனாலும் பாடம் ஒன்றுதான். மனதில் ஒரு கரு வந்து கலந்துவிட்டால் அன்றைக்கே நாலு வரியாவது எழுதிவிட வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கமோ போனில் உள்ள நோட்ஸோ, எதுவானாலும் சரி.

4. காயப்போடுவது தனி வேலை. செய்த பட்டாசை உடனே பெட்டியில் அடைக்க முடியாது, வெயிலில் காயவேண்டும். எழுதும்போதே திருத்தினால் இரண்டும் கெடும். எழுதி முடித்ததை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, பிறகு எடுத்துத் திருத்தவேண்டும். மழை நாளில் காயப்போட முடியாவிட்டாலும் பெட்டி ஒட்டலாம். அதேபோல் புதிதாக எழுத வராத நாளில் பழையதை டைப் அடிக்கலாம், பிழை பார்க்கலாம், தகவல் சரிபார்க்கலாம்.

5. விட்ட நாளை விட்டுவிடு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நான்கு நாள் எழுதவில்லை என்றால் ஐந்தாம் நாள் எண்ணூறு சொல் எழுதி ஈடுகட்ட வேண்டும் என்று நினைப்பதுதான் ஆபத்து. அந்த எண்ணூறு பயமுறுத்தும், ஆறாம் நாளும் போய்விடும். தினசரி காலண்டரில் கிழிக்காமல் விட்ட நாலு தாளை என்ன செய்கிறோம்? ஒன்றாகச் சேர்த்துக் கிழித்துவிட்டு அன்றைய தேதிக்கு வந்துவிடுகிறோம். அவ்வளவுதான்.

இது எழுத்தா, ஃபேக்டரியா?

'கதை என்ன தீப்பெட்டியா, எண்ணி ஒட்டுவதற்கு? மனசுக்குள்ளேயிருந்து வரவேண்டாமா?' என்று கோபப்படுபவர்கள் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் ஆண்டனி டிரோலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். தபால் துறையில் வேலை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். இப்படியே 47 நாவல்கள்! அவர் இறந்தபிறகு 1883-ல் வந்த சுயசரிதையில் இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். உடனே பலருக்கு அவர்மேல் மரியாதை குறைந்துபோனது. கலைஞன் இப்படியா எழுதுவான் என்று முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. முகம் சுளித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், எழுதமுடியாமல் திணறிய பேராசிரியர்களைப் பிரித்துப் பார்த்தார். மனது வந்தால் எழுதலாம் என்று விடப்பட்டவர்களைவிட, கட்டாயமாக எழுதியே ஆகவேண்டும் என்று வைக்கப்பட்டவர்கள் அதிகப் பக்கங்கள் எழுதினார்கள். அதோடு அவர்களுக்குத்தான் புதிய யோசனைகளும் அதிகமாக வந்தன. யோசனை வந்தபிறகு எழுதலாம் என்று காத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இது. எழுதுவதால்தான் யோசனை வருகிறது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 200 சொல் கணக்கு நல்ல கதைக்கு உத்தரவாதம் தராது. நல்ல கதை எழுதுவதற்கு வேறு பல விஷயங்கள் வேண்டும். ஆனால் எழுதப்படாத கதை நல்ல கதையாக இருக்க வாய்ப்பே இல்லை.

யாருக்கு நஷ்டம்?

ஒருவர் கதை எழுதாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று மேலே சொல்லப்பட்டது. அது முழு உண்மை இல்லை.

1980-களில், விடிவதற்கு முன்னாலேயே சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு ஃபேக்டரி பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு சின்னக் குழந்தைகள் அதில் ஏறித் தீப்பெட்டி ஆலைக்குப் போவார்கள். பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி ஆலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தக் குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இன்றைய கல்லூரி மாணவர்களில் சிலருக்கு அவர்கள் அம்மா, சிலருக்குப் பெரியப்பா, சிலருக்குப் பக்கத்து வீட்டு அத்தை. கட்டை அடுக்கிய வேகம் அந்த விரல்களில் இன்னும் இருக்கிறது. அந்த பஸ்ஸில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், தூக்கம் வராமலிருக்க என்ன பாட்டுப் பாடினார்கள், முதல் கூலியில் என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் எந்தத் தீர்ப்பு நகலிலும் கிடையாது. அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளை ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் கிடைக்கும். உட்காராவிட்டால் கிடைக்காது.

1899-ல் நடந்ததை எழுதுவதற்குப் பூமணிக்கு நேரில் பார்த்த ஒருவர்கூட இருந்திருக்க வாய்ப்பில்லை. 1980-களை எழுத நினைப்பவருக்குச் சாட்சிகள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது எப்போதும் நீடிக்கும் வசதி அல்ல.

எழுத்தைத் தள்ளிப்போடுகிறவர், தன்னுடைய நேரத்தைத்தான் வீணடிக்கிறோம் என்று நினைக்கிறார். அந்த அத்தையின் நேரமும் சேர்ந்தே போகிறது. ஆகையால் ஜனவரி 1 வரை, புது டைரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டு, சொன்னதில் 200 சொல் சிட்டையில் எழுதினால் போதும். பேரேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!